பாரிசிலிருந்து வந்த நன்றி

காஞ்சிபுரம் நெசவாளர் சங்கத்துக்குப் பாரிசிலிருந்து கடிதம் வந்திருந்தது. மேனேஜர் கலியாணசுந்தரம் உரக்கப் படித்துச் சிரித்தார்.

“‘தேங்க் யூ டு ஹேவ் லேர்ன்ட் மீ’யாம். ‘ஃபார் டீச்சிங் மீ’ன்னு வரணும். தறி பழக வந்த அந்தம்மாவுக்கு இங்கிலீஷே தெரியலை.”

நெய்த சேலையைக் கொடுக்க வந்திருந்த கமலாட்சி நிமிர்ந்தாள்.

“பிரெஞ்சுல கத்துக்கறதுக்கும் கத்துக்குடுக்கறதுக்கும் ஒரே சொல்லுதான் சார். அதான் மாறிப்போச்சு.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“பாண்டிச்சேரியில பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சேன். அந்தம்மா என் தறிகிட்ட உக்காந்து பழகுன பத்து நாளும் பிரெஞ்சுலதான் பேசிக்கினு இருந்தோம்.”

“அப்ப இதை ஏன் இங்கிலீஷ்ல எழுதினாங்க?”

“எனக்குத் தனியா பிரெஞ்சுல எழுதியிருக்காங்க. இது உங்களுக்குப் புரியணும்னு எழுதினது சார்.”

கலியாணசுந்தரம் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. சங்கத்துப் பதிலை நீயே எழுதிடு.”