மரத்த பக்கம்

மரப்பு இறங்கத் தொடங்கியதும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

காலையில்தான் ஞானப் பல்லை அறுத்து எடுத்திருந்தார்கள். உதடு யாருடையதோ போல் தொங்கியது. உள்ளே, காதுவரைக்கும், விண்விண்ணென்று ஏறியது வலி.

மாத்திரைக்குக் கை நீட்டினாள்.

“சாப்பிட்டுட்டுத்தான் போடணும்,” என்றாள் மகள்.

செண்பகா வேலைக்கு லீவு போட்டுவிட்டு உடன் வந்திருந்தாள். டாக்டர் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. தயிர்ச்சோற்றைக் குழைத்து, நல்ல பக்கமாகப் பார்த்து ஊட்டினாள். மாத்திரை கொடுத்தாள். தலைக்கு இன்னொரு தலையணை வைத்தாள். ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தில் பிடித்தாள்.

அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். “குடுத்து வச்சவ நீ. பொட்டப்புள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்.”

செண்பகா சிரித்து அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்தித் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை.

போன வருடத்திலிருந்தே அந்த வீட்டில் அப்படித்தான். கேட்டால் பதில். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

ஐஸின் குளிர் எலும்பில் இறங்கியது.

அன்று இதே கட்டிலில் செண்பகா கன்னத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். வீங்கியிருந்தது. அறைந்தது இவள். ஒருவனின் பெயரைச் சொன்னதற்காக. போனைப் பிடுங்கினாள். அறையைப் பூட்டினாள். அந்தப் பெயர் இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று வெளியே நின்று கத்தினாள்.

அவன் சவூதிக்குப் போனான். பிறகு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

செண்பகா அழுததை யாரும் பார்க்கவில்லை. அந்த வீக்கத்துக்கு ஐஸ் வைக்கவும் யாரும் போகவில்லை.

“ஜெரால்டு...” என்றாள் அம்மா.

நாக்கு புரளவில்லை. எச்சிலும் ரத்தமுமாக வழிந்தது. ஆனாலும் பெயர் பெயராகவே கேட்டது.

துண்டைப் பிடித்திருந்த கை நின்றது.

“அந்தப் பையன... நாந்தான்...”

“பேசக் கூடாதும்மா. தையல் விட்டுரும்.”

செண்பகா புதுப் பஞ்சை எடுத்து உருட்டினாள். வாயைத் திறக்கச் சொன்னாள். காயத்தின் மேல் வைத்து அழுத்தினாள். வேண்டியதற்கு மேலேயே அழுத்தினாள்.

உச்சந்தலைவரை வெட்டி இழுத்தது. அவள் முனகக்கூட இல்லை.

“கடிச்சுக்கோ.”

உள்ளங்கையால் அம்மாவின் தாடையை மூடிப் பிடித்தாள்.

வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

இன்னொரு கையால் ஐஸ் துண்டை எடுத்து மறுபடி கன்னத்தில் வைத்தாள்.