வெள்ளிக்கிழமைப் பதிவு

“வெள்ளிக்கிழமை கேமராப் பதிவு எனக்கு வேணும் சார்.”

எதை வாய் திறந்து கேட்கவே கூடாது என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாரோ, அதைத்தான் அவள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள். உட்காரக்கூட இல்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அடேயப்பா, டிகிரி இன்னைக்குச் சூடா வந்திருக்கே!”

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு அதுதான் பெயர். அம்மா வெட்டு மிஷினில் நின்றும், அப்பா லாரிக்குக் கட்டு ஏற்றியும் வாங்கிக் கொடுத்த பட்டம். அவர்கள் வீட்டில் அதுதான் முதல் பட்டம். அதை வைத்துக்கொண்டு அதே தொழிற்சாலையின் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள்.

வெள்ளிக்கிழமை அந்த மிஷின் அம்மாவின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கத்தியின் மேல் இருக்க வேண்டிய பாதுகாப்பு மூடி அப்போது இல்லை. அம்மாவே அதைக் கழற்றிவிட்டாள் என்றது கம்பெனி. அந்தப் பேச்சு நிலைத்துவிட்டால் அம்மாவுக்கு நஷ்டஈடும் கிடையாது, வேலையும் கிடையாது.

“இருந்தா தர்றதுக்கு என்னம்மா?” மேனேஜர் திரையை அவள் பக்கம் திருப்பினார். “நீயே பாரு. ஈ டிரைவ். வியாழன் இருக்கு, சனி இருக்கு. வெள்ளில ஒரு ஈகூட இல்ல.” சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை, ‘இடம் பத்தல’ என்று ஆஸ்பத்திரியிலிருந்த அவளைக் கூப்பிட்டு, எல்லாப் பதிவுகளையும் புது டிரைவுக்கு மாற்றச் சொன்னவர் அவர்தான். மாற்றினாள். ஆபீசில் யாரும் தடுமாற வேண்டாமென்று புதுசுக்கும் பழைய டிரைவின் ‘ஈ’ எழுத்தையே வைத்தாள். அப்போது வெள்ளிக்கிழமை இருந்தது. திங்கட்கிழமை பார்த்தால் இல்லை.

“நான் மாத்துறப்ப இருந்துச்சு சார்.”

“அவசரத்துல விட்டிருப்ப.”

“அப்ப பழைய டிரைவக் குடுங்க, பாத்துடலாம்.”

“அதை அன்னைக்கே உடைச்சுப் போட்டாச்சு. பழசை வச்சுக்கிட்டு என்ன பண்றது?”

“சார், எங்கம்மா கை சார்...” குரல் உடைந்தது. உடையக் கூடாது என்று மாடிப்படி ஏறும்போதே நினைத்துக்கொண்டு வந்தாள்.

“பேக்கப்ல இருக்கும்னு ஆசைப்படுறியா? அது ஞாயித்துக்கிழமைதான் ஓடும். சனிக்கிழமை நான் கேட்டப்ப நீ என்ன சொன்ன? வேற டிரைவுக்கு மாத்தினா பேக்கப் பழைய இடத்துலயேதான் போய்த் தேடும். கிடைக்கலன்னா சத்தமில்லாம நின்னுடும். நாமதான் புது இடத்தைக் காட்டிக் குடுக்கணும்னு சொன்னியா இல்லியா?”

“சொன்னேன் சார்.”

“காட்டினியா?”

“இல்ல சார்.”

உண்மைதான். காட்டவில்லை. மாற்றி முடித்ததும் எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள்.

“அப்புறம் என்ன? பேக்கப் உன் வேலை. பாஸ்வேர்டு முதக்கொண்டு உன் கையில. விரல் போனது உங்கம்மாவுக்கு. ஆதாரம் போனது உன்னால. படிச்ச பொண்ணு, பொறுப்பு வேணாமா?”

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கிடங்கிலிருந்து ஓடிவந்த அப்பா, அட்டைத் தூசு படிந்த கைகளைக் கூப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“சார், சின்னப் புள்ள. தெரியாமப் பேசிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க.” அவள் பக்கம் திரும்பி, “வாம்மா, போலாம். எனக்கு இருக்கற வேலையாவது நிக்கட்டும்” என்றார்.

அந்தக் கூப்பிய கைகளை அவளால் பார்க்க முடியவில்லை. இந்த விஷயம் இந்த அறையோடு முடிந்தால்தான் அப்பாவின் வேலை தப்பும். அது மேனேஜர் மனது வைத்தால் நடக்கும். கேட்டுப் பார்க்க இன்னும் ஒரே ஒரு தடவைதான் மிச்சம்.

“சார், பதிவு கூட வேணாம். மூடியக் கழட்டச் சொன்னது நீங்கதான்னு அம்மா சொல்றாங்க. மூடி இருந்தா மிஷின் மெதுவா ஓடுது, கழட்டுங்கன்னு நீங்க பக்கத்துல நின்னு சொன்னீங்களாம். அதை எங்கப்பா முன்னாடி ஒத்துக்குங்க. அம்மாவுக்குச் சேர வேண்டியதச் சேத்துடுங்க. நான் இதோட விட்டுடறேன். உங்க கால்ல வேணும்னாலும் விழறேன் சார்.”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். “நானா? வெள்ளிக்கிழமை நான் மிஷின் பக்கமே வரல. அவசரக்காரி, கழட்டினா, கையவிட்டா. இனிமே இதைப் பத்திப் பேசினா, உங்க ரெண்டு பேருக்கும் நாளைலருந்து இங்க வேலை இல்ல.”

அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் இழுத்த இழுப்புக்குப் போகவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இப்போது அவளுடைய குரலில் நடுக்கமே இல்லை.

“வாங்கப்பா. தொழிலாளர் ஆபீசுக்குப் போலாம்.”

“வெறுங்கையோடயா?” மேனேஜர் பின்னாலிருந்து சிரித்தார். “அங்க போய் என்னத்தக் காட்டுவ, டிகிரி?”

அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள். நிற்காமல், திரும்பாமல், தினமும் வேலை முடித்துப் போகும்போது சொல்லும் அதே தொனியில் சொன்னாள்:

“புது டிரைவும் ஈ-தானே சார். ஞாயித்துக்கிழமை பேக்கப், வெள்ளிக்கிழமையும் சேத்து, ஒழுங்காப் போயிடுச்சு.”