வீட்டுக்குத் தனிப் பாத்தி

"உங்க மண்ணுல ஈயம் அளவுக்கு மேல இருக்குங்க. இதுல விளையுற எதையும் விக்கக் கூடாது" என்றார் மண் பரிசோதனை அதிகாரி.

விவசாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நல்லாப் பாத்தீங்களா சார்?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு. நீங்களே அள்ளிக் குடுத்த வயல் மண்ணுதானே?"

விவசாயி ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆலைக் கழிவு கலந்த வாய்க்கால் பாயும் வயல் பரிசோதனையில் தேறாது என்று அவருக்குத் தெரியும். அதனால் கொல்லைப் பாத்தியின் மண்ணை அள்ளிக் கொடுத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் மட்டுமே பாயும் பாத்தி. வயல் காய் சந்தைக்கு, பாத்திக் கீரை வீட்டுக்கு. ஏன் அப்படி என்று மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை.

வீட்டுக்கு ஓடினார். மனைவி மகளுக்குக் கீரைச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியில என்னத்தைப் போட்ட?"

"வாய்க்கால் தூர் வாரினப்போ வந்த வண்டலைத்தான். கறுகறுன்னு நல்லா இருந்துச்சு. நம்ம பிள்ளை திங்கட்டும்னு கூடை கூடையாக் கொட்டினேன்."

அவர் தட்டைப் பிடுங்கினார். "விஷம்டி அது!"

"விஷமா? அந்தத் தண்ணிதானே வயலுக்கும் பாயுது?"

கீரை ஒட்டிய கையோடு அவரையே பார்த்தாள்.

"அப்போ... நாம இத்தனை நாளா வித்தது?"