ஓரத்துத் துண்டு

காலை வெயில் சன்னல் வழியே வந்து ஸ்லைடுகளின் மேல் சாய்ந்திருக்கிறது. லேப் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கிறார். உள்ளே தெரிவது ஒரு பள்ளி பஸ் ஓட்டுநரின் சிறுநீரகத் துண்டு; ஆறு மாத மருந்துக்குப் பிறகு எடுத்தது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று அவருடைய மருத்துவர் கேட்டு அனுப்பியிருக்கிறார். முதல் முறை எடுத்ததில் ரத்தக்குழாய்ச் சுவரெல்லாம் பழுப்பு அப்பிக் கிடந்தது. வெள்ளணுக்களைப் பிடித்து ஒட்டவைத்து வீக்கத்தை வளர்க்கும் புரதம், சாயம் ஏறினால் அந்த நிறத்தில்தான் தெரியும். இன்று வெறும் வெளிர்நீலம். சாயம் போட்ட டெக்னீஷியன் அக்கா பக்கத்தில் நின்று கழற்றிய கையுறையைச் சுருட்டுகிறார். "சாயம் பிடிக்கலையோ டாக்டர்? மறுபடி போட்டுடவா?" "பொறுங்கக்கா." டாக்டரின் விரல் ஸ்லைடை மெல்ல நகர்த்துகிறது. சாயத்தைச் சோதிக்கவென்றே அக்கா எப்போதும் ஓரத்தில் வைக்கும், அந்தப் புரதம் நிறைந்த டான்சில் துண்டு வெளிச்சத்துக்குள் வருகிறது, பளிச்சென்ற பழுப்பில். "உங்க சாயம் நல்லாத்தான் பிடிச்சிருக்கு. போன தடவை டேரா போட்டிருந்த கூட்டம்தான் மூட்டையக் கட்டிடுச்சு. நீங்களே பாருங்க." அக்கா குனிகிறார். சுருட்டிய கையுறை தரையில் விழுந்தது தெரியாமல், ஒன்றுமே இல்லாத அந்த வெளிர்நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.