வலது குதிகால்

இப்போதெல்லாம் எல்லாருக்கும் வாயில்தான் மரியாதை. அப்பாவாம், ஐயாவாம். நோய் வந்த புதிதில் "தள்ளி நில்லுய்யா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதுவாவது நேர்மை.

அவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். முன்னால் மூன்று பேர்.

இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குழாயடியில் லேசாக வழுக்கியதற்கே முறிந்துவிட்டது. முப்பது வருசம் நெல்மூட்டை சுமந்த உடம்பு.

"எச்.ஐ.வி. மாத்திரை சில பேருக்கு எலும்பைத் தேய்க்கும். குதிகால்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்க, எலும்பு எப்படி இருக்குன்னு தெரியும். தேஞ்சிருந்தா வேற மாத்திரை மாத்தித் தர்றேன்" என்றிருந்தார் டாக்டர்.

பதினெட்டு வருசம் உயிரைப் பிடித்துவைத்த மாத்திரை. அதுவும் உள்ளே இருந்துகொண்டே தின்றிருக்கிறது.

ஸ்கேன் அறைக் கதவு திறந்தே கிடந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் ஒவ்வொருவர் காலையும் வெறுங்கையால் பிடித்து, குதிகாலில் பசை தடவி, மிஷினுக்குள் வைத்தாள். ஒரு கிழவியின் பித்தவெடிப்பைப் பார்த்து, "ஆயா, இதுக்குள்ள நாத்தே நடலாம் போலருக்கே" என்றாள். கிழவி பொக்கைவாய் தெரியச் சிரித்தாள்.

அவருக்கும் சிரிப்பு வந்தது.

செருப்பைக் கழற்றினார். யாரும் பார்க்காதபோது வேட்டி நுனியால் குதிகாலைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கப்பா, உக்காருங்க. சீட்டக் குடுங்க."

கொடுத்தார்.

சீட்டின் மூலையில் எச்.ஐ.வி. பிரிவின் முத்திரை. அவள் கண் அங்கே நின்றது.

மேஜை இழுப்பறை திறந்தது.

ஒரு ஜோடி கையுறை.

அதன்மேல் இன்னொரு ஜோடி.

"வலது கால நீட்டுங்கப்பா." குரலில் அதே சர்க்கரை.

அவர் நீட்டவில்லை. குனிந்து செருப்பை மாட்டினார்.

"என்னப்பா? ரெண்டே நிமிசம். எல்லாருக்கும் இப்படித்தான்."

"எலும்பு எனக்கு உள்ளாறதாம்மா இருக்கு. ஒன் மேல ஒட்டிக்காது."

சீட்டைத் திரும்ப வாங்கவில்லை. வெளியே வந்தார். பின்னால் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மாடிப்படி. அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் மினுங்கியது.

வலது கை தானாகக் கைப்பிடிக் கம்பியை நோக்கிப் போனது.

எல்லார் கையும் படுகிற கம்பி. தொடும் முன்பே மடக்கிக்கொண்டார்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். படிக்கட்டின் நட்டநடுவில் இறங்கத் தொடங்கினார்.