ஆத்திரமூட்டுபவரின் பெயர்

முழங்கால் தேய்ந்தவர்கள் இதயப் பரிசோதனைக்காக டிரெட்மில் என்னும் ஓடுபொறியில் ஏற வேண்டியதில்லை. படிவத்தில் ஒரு பெயரை எழுதினால் போதும்: 'உங்களுக்கு ஆத்திரமூட்டுபவர்'. அவர் வந்து திட்டியே துடிப்பை ஏற்றிவிடுவார். ஃபுளோரா யோசிக்காமல் தங்கை பிரகாசியின் பெயரை எழுதினாள். பதினொரு வருடமாக அக்காவோடு பேச்சில்லாதிருந்த பிரகாசியும், அழைப்பு வந்ததுமே மணப்பாட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள்.

"துடிப்பு நூத்தி முப்பதைத் தொடணும். தொட்டதும் கதிர்மருந்தை ஏத்திப் படம் எடுப்போம்," என்ற நர்ஸ், ஃபுளோராவிடம் திரும்பி, "நீங்க வாயே திறக்கக் கூடாது," என்றாள்.

பிரகாசி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அம்மா கம்மல அமுக்குனவதான நீ?" திரையில் நூற்றுப் பத்து. "ஒரு மீன் கொழம்பு வைக்கத் துப்புண்டா ஒனக்கு?" நூற்றுப் பதினெட்டு. அத்தோடு எண் நின்றுவிட்டது. அக்காவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் பிரகாசிக்குக் கண் நிறைந்தது.

"அழாதீங்கம்மா, குறையுது!" என்று நர்ஸ் பதறினாள்.

பிரகாசி கண்ணை அழுந்தத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "அம்மா கடைசியில ஒன்னயத்தான் கேட்டா. நாந்தான் ஒனக்குச் சொல்லி அனுப்பல."

நூற்று நாற்பத்தொன்று. மருந்து ஏறியது.

படத்தில், ரத்தம் எட்டாத இடம் நகம் அளவுக்கு இருண்டிருந்தது. மறுநாளே ஆபரேஷன் என்றார்கள்.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள் நர்ஸ்.

ஃபுளோரா தங்கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"இவளத் திருப்பி ஒரு வார்த்த கேக்காம நான் சாவ மாட்டேன்."