ஒரே கேபிள்

பழுதுபார்க்கும் கடையின் மேசைமேல் லேப்டாப்பை வைத்தபோது கணவனுக்கு மூச்சு வாங்கியது. வாசலில், வண்டிக்குள் மனைவி காத்திருந்தாள்.

"போன வாரம் வாங்கினது சார். யாரும் தொடாமலே தானா எதையோ திறக்குது, மூடுது. இன்னும் அரை மணி நேரத்துல என் வீட்டம்மாவுக்கு ஆன்லைன்ல வேலைக்கான தேர்வு."

மெக்கானிக் இயக்கிப் பார்த்தார். பேய் பிடித்ததுபோல் திரையில் ஏதேதோ முளைத்து மறைந்தன.

"தொடுதிரை போச்சுங்க. கம்பெனியில புதுசு மாத்தித் தர பத்து நாளாவது ஆகும்."

"இப்போதைக்கு இந்த ஆட்டத்தை நிறுத்த வழியே இல்லையா?"

"உள்ளே திரைக்குப் போற கேபிளைப் பிடுங்கினா நின்னுடும். ஆனா படத்துக்கும் அதே கேபிள்தான். திரை மொத்தமா இருட்டாயிடும்."

"கீபோர்டும் சத்தமும்?"

"அதெல்லாம் வேலை செய்யும்."

கணவனின் முகம் மலர்ந்தது. "அப்புறம் என்ன சார், பிடுங்குங்க."

பதற்றத்தில் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தபடியே மெக்கானிக் கேபிளைக் கழற்றினார். மனம் கேட்காமல் வண்டிவரை பின்னாலேயே போனார்.

மனைவி, மடித்த வெள்ளைக் கோலைக் கணவனிடம் நீட்டிவிட்டு, லேப்டாப்பைத் தடவி வாங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் விரல்கள் விசைகளில் பறந்தன.

"எழுத்தையெல்லாம் காதுல ஒழுங்கா படிச்சுக் காட்டுதுங்க. எங்கேயும் தாவல" என்று சிரித்தாள். "அந்த மெக்கானிக்கைக் கேளுங்க, புதுத் திரைக்குப் பதிலா கம்பெனியில நல்ல ஹெட்போன் ஒண்ணு தருவாங்களான்னு."